வயதாகும் உரிமை: திரைமுகங்களும் நம் தீர்ப்பும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் இதுவரை நடந்த உரைகள் பெரும்பாலும் இலக்கியம், இலக்கணம், கல்வெட்டு சார்ந்தவை. இந்த ஆண்டு திரைப்படம் சார்ந்த ஒன்றைப் பேசலாமா என்று கேட்டேன். துறைத்தலைவர் உடனே ஒப்புக்கொண்டார். அவருக்கு என் நன்றி. ஆனால் தலைப்பைப் பார்த்தபோது உங்களில் சிலருக்கு ஐயம் எழுந்திருக்கும். நடிகை குண்டாகிவிட்டார், நடிகருக்கு முடி கொட்டிவிட்டது என்பதெல்லாம் டீக்கடைப் பேச்சு அல்லவா, அதில் ஆராய என்ன இருக்கிறது என்று.

டீக்கடைப் பேச்சு என்பதால்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு சமூகம் யோசித்துப் பேசுவதைவிட யோசிக்காமல் பேசுவதில் அதன் மனம் நன்றாகத் தெரியும். ‘ஆளே அடையாளம் தெரியல’, ‘ஊதிப் போயிட்டாங்க’, ‘முத்திப் போச்சு’, ‘பீல்டு அவுட்’, ‘இந்த வயசுல இதெல்லாம் தேவையா’. இந்த வாசகங்களை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம், பலர் சொல்லியும் இருக்கிறோம். இவற்றுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. யாரும் எழுதிவைக்காத சட்டம். வயதாவதற்கு அது சிலருக்கு அனுமதி தருகிறது, சிலருக்கு மறுக்கிறது. அந்தச் சட்டத்தைத்தான் இன்று கொஞ்சம் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கப் போகிறோம்.

1. பழைய வழக்கம்

நடிப்பவரின் உடலை எடைபோடும் பழக்கம் கைபேசியோடு வந்ததன்று. அது சினிமாவுக்கே முந்தியது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா போன்ற பாய்ஸ் கம்பெனிகளில் எல்லா வேடங்களையும் சிறுவர்களே கட்டினார்கள். முகம் லட்சணமாகவும் குரல் கணீரென்றும் இருக்கும் பையன் ராஜபார்ட்டாகவோ ஸ்திரீபார்ட்டாகவோ கொடிகட்டிப் பறப்பான். பதினான்கு, பதினைந்து வயதில் மகரக்கட்டு வரும். குரல் உடையும், மீசை அரும்பும், தோள் அகலும். நேற்றுவரை ஒன்ஸ்மோர் கேட்ட கூட்டம் இன்று கூச்சல் போடும். வளர்ந்ததைத் தவிர அந்தப் பையன் செய்த குற்றம் எதுவும் இல்லை. சிலர் சிறு வேடங்களுக்கு இறங்கினார்கள், சிலர் ஊர் திரும்பினார்கள்.

அப்படிப்பட்ட நாடகக் கம்பெனியில் பெண்வேடம் கட்டி வளர்ந்தவர்தான் கணேசன். 1952-இல் ‘பராசக்தி’ எடுத்தபோது அவர் மிகவும் ஒல்லியாக இருக்கிறார், கதாநாயகனுக்குரிய உடம்பு இல்லை என்று ஏவி.எம். அதிபர் மெய்யப்பச் செட்டியார் கருதினார். ஆளை மாற்றிவிடலாம் என்ற பேச்சுகூட எழுந்தது. தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் முதலியார் பிடிவாதமாக நின்றதால் நமக்கு சிவாஜி கணேசன் கிடைத்தார். அதே மனிதரைப் பின்னாளில் உடம்பு போட்டுவிட்டது, தொப்பை தெரிகிறது என்று பேசினார்கள். ஒல்லியாக இருந்தாலும் பேச்சு, பருமனாக இருந்தாலும் பேச்சு. நடுவில் எந்த எடையில் அவரை விட்டுவைத்தார்கள் என்று தெரியவில்லை.

பருமனைக் கொண்டாடிய காலமும் நமக்கு உண்டு. 1991-இல் ‘சின்னத்தம்பி’ வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் குஷ்புவுக்குத் திருச்சிப் பக்கம் கோயில் கட்டினார்கள். உப்பலான இட்லிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் இன்றும் பல ஊர்களில் டிபன் கடைப் பலகையில் இருக்கிறது. ஒரு தலைமுறை கழிந்து ஒல்லியான நாயகியர் வந்ததும் அதே உடல்வாகு கேலிக்குரியதாயிற்று. 2021-இல் குஷ்பு எடையைக் குறைத்தபோது, ‘என்ன, ஏதாவது நோயா’ என்று விசாரித்தவர்களுக்கு அவரே பொதுவெளியில் பதில் சொல்ல நேர்ந்தது. அளவுகோல் மாறிக்கொண்டே இருக்கிறது. அளக்கும் உரிமை மட்டும் நம் கையை விட்டு நழுவுவதே இல்லை.

2. இரண்டு நாள்காட்டிகள்

இனி நான் சொல்லப்போவது எல்லாருக்கும் தெரிந்த படங்கள். அவற்றை ஆண்டுகளோடு சேர்த்துப் பாருங்கள்.

ஸ்ரீவித்யா 1953-இல் பிறந்தவர். இசையரசி எம்.எல். வசந்தகுமாரியின் மகள். 1975-இல் கே. பாலசந்தரின் ‘அபூர்வ ராகங்கள்’ வந்தபோது அவருக்கு வயது 22. அந்த வயதிலேயே வளர்ந்த பெண்ணுக்குத் தாயாக நடித்தார். அந்தப் படத்தில்தான் ரஜினிகாந்த் அறிமுகமானார், ஸ்ரீவித்யாவின் கணவராக. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1991-இல், ‘தளபதி’. அதில் ஸ்ரீவித்யா ரஜினிகாந்துக்குத் தாய். ரஜினிகாந்த் 1950-இல் பிறந்தவர். மகனைவிடத் தாய்க்கு இரண்டரை வயது குறைவு! இடையில் 1989-இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் கமல்ஹாசனுக்கும் அவரே தாய். இருவருக்கும் வயது வித்தியாசம் ஒரு வருடத்துக்குச் சற்று அதிகம்.

லட்சுமி 1952-இல் பிறந்தவர். 1981-இல் ‘நெற்றிக்கண்’ படத்தில் அப்பாவாக வரும் ரஜினிக்கு மனைவி. 1999-இல் ‘படையப்பா’வில் ரஜினிக்குத் தாய். சுஜாதாவும் 1952-இல் பிறந்தவர்தான். 1977-இல் ‘அவர்கள்’ படத்தில் ரஜினிக்கு மனைவியாக நடித்தவர், 2002-இல் ‘பாபா’வில் தாயாக வந்தார். 1976-இல் ‘மூன்று முடிச்சு’ எடுத்தபோது ஸ்ரீதேவிக்கு வயது 13. கதைப்படி அவர் ரஜினியின் சிற்றன்னை ஆகிறார்.

இந்த நடிகைகள் அந்த வேடங்களைச் சிறப்பாகச் செய்தார்கள். ‘தளபதி’யில் ஸ்ரீவித்யா கண்களாலேயே நடித்துக் காட்டியதை மறக்க முடியுமா? ரஜினிகாந்தைக் குறைசொல்வதும் என் நோக்கமன்று. நான் கேட்பது வேறு. மனைவியாக இருந்தவரைத் தாயாக்கியபோது தியேட்டரில் ஒருவராவது சிரித்தோமா? ‘இது எப்படி ஐயா பொருந்தும்’ என்று கேட்டோமா? கேட்கவில்லை. ஏனென்றால் ஆணுக்கு ஒரு நாள்காட்டி, பெண்ணுக்கு ஒரு நாள்காட்டி என்பதை நாம் என்றோ ஏற்றுக்கொண்டுவிட்டோம். பெண்ணின் நாள்காட்டியில் தாள்கள் வேகமாகக் கிழிகின்றன.

ஆணின் நாள்காட்டியைப் பாருங்கள். 1973-இல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளிவந்தபோது எம்.ஜி.ஆருக்கு வயது 56. அதில் அறிமுகமான லதா அவரைவிட முப்பது ஆண்டுகளுக்கும் மேல் இளையவர். படத்தின் பெயரிலேயே வாலிபன் இருந்தார், நமக்கு உறுத்தவில்லை. 2007-இல் ‘சிவாஜி’ வந்தபோது ரஜினிகாந்துக்கும் 56. உடன் ஆடிய ஸ்ரேயாவுக்கு 24. ‘படையப்பா’வில் ஆண்டுகள் பல கடந்து நாயகனை மீண்டும் சந்திக்கும் நீலாம்பரி, அவனுடைய அழகும் ஸ்டைலும் குறையவே இல்லை என்று வியந்து சொல்கிறாள். அந்த வசனம் தெரியாதவர் இந்த அரங்கில் இருக்க மாட்டார். அவளுடைய அழகைப் பற்றி அவன் அப்படி ஒன்றும் சொல்வதில்லை.

எம்.ஜி.ஆரின் வெள்ளைத் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் எடுத்துக்கொள்வோம். எதை மறைக்க அவை வந்தன என்பது ஊருக்கே தெரியும். ஊர் அதைப் பேசவில்லை. அந்த மறைப்பையே அடையாளமாக்கிச் சிலைக்கும் அணிவித்தது. ரஜினிகாந்த் வேறு வழியில் போனார். படத்தில் விக் வைத்துக்கொள்கிறார், வெளியில் வழுக்கையோடும் நரைத்த தாடியோடும் வருகிறார். அதை நாம் எளிமை என்று போற்றுகிறோம், போற்ற வேண்டியதுதான். 2011-இல் ‘மங்காத்தா’வில் அஜித்குமார் நரைமுடியோடு வந்தார். அப்போது அவருக்கு 40. ‘சால்ட் அண்ட் பெப்பர்’ என்று இளைஞர்கள் அந்தத் தோற்றத்தை வழிபட்டார்கள். ஒரு நடிகை நாற்பது வயதில் நரையோடு நாயகியாக வந்து, அந்த நரைக்காகவே விசிலடிக்கப்பட்ட ஒரு படத்தை எனக்குச் சொல்லுங்கள். மேக்கப் போடாமல் அவர் விமான நிலையத்தில் நடந்தால், ‘எப்படி இருந்தவர் எப்படி ஆகிவிட்டார் பாருங்கள்’ என்று தலைப்பு வரும். ஆணின் மறைப்பை ஊரே சேர்ந்து காப்பாற்றுகிறது. பெண்ணின் மறைப்பை ஊரே சேர்ந்து அவிழ்க்கிறது.

இந்த இரட்டை நாள்காட்டி திரைக்கு மட்டும் உரியதென்று நினைக்க வேண்டாம். ஏர் இந்தியா நிறுவனம் தன் விமானப் பணிப்பெண்களுக்கு இதை விதியாகவே எழுதிவைத்திருந்தது. 35 வயதில் ஓய்வு. வேலையில் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்தால் வேலை போகும். முதல் கர்ப்பத்தோடும் வேலை போகும். இந்த விதிகளை எதிர்த்த நர்கேஷ் மீர்சா வழக்கில் 1981-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கர்ப்ப விதியை நீக்கியது. எழுதிய விதியை எதிர்த்து நீதிமன்றம் போகலாம். எழுதாத விதியை எதிர்த்து எங்கே போவது?

3. அன்றும் இன்றும்

ஒரு காலத்தில் படம் தியேட்டரில் ஓடி முடிந்தால் அந்த முகமும் பெட்டிக்குள் போய்விடும். பத்தாண்டு கழித்து அந்த நடிகையை ஒரு திருமணத்தில் பார்ப்பவர், நினைவில் மங்கிய முகத்தோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார். 1993-இல் சன் டிவி வந்தது. பிறகு பாட்டுக்கென்றே சேனல்கள், பிறகு யூடியூப். இன்று 1980-களின் நாயகி காலை ஏழு மணிக்கு உங்கள் வீட்டில் இருபது வயதில் ஆடுகிறார், மாலையில் விமான நிலையக் காணொளியில் அறுபது வயதில் நடக்கிறார். இரண்டு முகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ‘அன்றும் இன்றும்’ என்று தலைப்பிட ஒரு நிமிடம் போதும். நாற்பது ஆண்டு வாழ்க்கை, அதில் வந்த பிள்ளைப்பேறு, துயரம், உழைப்பு, எல்லாவற்றையும் நடுவில் இருக்கும் அந்த ஒற்றைக் கோடு விழுங்கிவிடுகிறது.

ஏன் அதைச் சொடுக்கிப் பார்க்கிறோம்? வெறும் வம்பு ஆசை என்று விட்டுவிடலாம்தான். எனக்கு அது போதவில்லை. அந்த நடிகை இருபது வயதில் ஆடியபோது நமக்கும் ஏறத்தாழ அதே வயது. அந்தப் பாட்டு வந்த ஆண்டில் நாம் கல்லூரியில் இருந்தோம், சைக்கிளில் போனோம், யாரையோ நினைத்துக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டோம். நம் இளமையை அந்த முகத்தில் வைப்புத்தொகையாகப் போட்டுவைத்திருக்கிறோம். அந்த முகத்தில் சுருக்கம் விழும்போது நம் பணம் பறிபோனதுபோல் கோபம் வருகிறது. கண்ணாடி பார்க்கும்போது வராத கோபம் அது.

இந்தத் தீர்ப்பில் இன்னொரு விசித்திரம் உண்டு. எப்படி வாதாடினாலும் விடுதலை கிடையாது. வயதை அப்படியே விட்டால் ‘கிழவியாகிவிட்டாள்’. சிகிச்சை செய்து தள்ளிப்போட்டால் ‘பிளாஸ்டிக் முகம்’. ‘வெர்டிகோ’ படத்தின் நாயகி கிம் நோவாக் 2014-இல் தம் 81-ஆம் வயதில் ஆஸ்கர் மேடைக்கு வந்தார். அவர் முகத்தைப் பற்றி அன்றிரவே கேலி தொடங்கியது. 81 வயது மூதாட்டி அதற்குப் பதிலாக ஒரு பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. ‘ஸ்டார் வார்ஸ்’ புகழ் கேரி ஃபிஷர் 2015-இல் அதே இளவரசி வேடத்துக்குத் திரும்பியபோது, அழகாக முதிர்ந்தாரா இல்லையா என்று உலகமே விவாதித்தது. இந்த விவாதத்தை நிறுத்துங்கள், மனம் புண்படுகிறது என்று அவர் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டே, 60 வயதில், இறந்துபோனார்.

நம் நாட்டிலும் இதே கதைதான். ஐஸ்வர்யா ராய்க்கு 2011 நவம்பரில் மகள் பிறந்தாள். ஆறு மாதம் கழித்து அவர் கான் திரைப்பட விழாவுக்குப் போனபோது பிள்ளைபெற்ற உடம்பு பத்திரிகைச் செய்தியானது. யானைப் பிளிறலைப் பின்னணியில் சேர்த்து ஒரு காணொளிகூட வந்தது. ஸ்ரீதேவி 2012-இல் ‘இங்கிலீஷ் விங்கிலீஷ்’ மூலம் திரும்பிவந்து எத்தனை அழகாக நடித்தார்! 2018 பிப்ரவரியில் துபாயில் 54 வயதில் அவர் இறந்தார். தற்செயலாக நீரில் மூழ்கி இறந்தார் என்று அதிகாரிகள் அறிவிப்பதற்குள், அழகு சிகிச்சையும் பட்டினியும்தான் காரணம் என்று தொலைக்காட்சிகளும் கைபேசிகளும் முடிவுகட்டிவிட்டன. ஐம்பது ஆண்டுகள், நான்கு வயதிலிருந்து நடித்தவரைப் பற்றி, அவர் இறந்த அன்று நாம் பேசியது அவருடைய மூக்கையும் உதட்டையும் பற்றித்தான்.

4. முகத்துக்குப் பின்னால்

உடல் ஏன் மாறுகிறது என்பதை ஒரு மருத்துவ மாணவர் எளிதாகச் சொல்லிவிடுவார். முப்பது வயதுக்குப் பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் தசையின் அளவு 3 முதல் 8 விழுக்காடு வரை குறைகிறது. மாதவிடாய் நின்றபின் பெண்ணுடலில் கொழுப்பு சேரும் இடமே மாறுகிறது, வயிற்றுப் பகுதிக்கு வருகிறது. தைராய்டு குறைந்தால் எடை கூடும். மூட்டுவாதத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தால் முகம் வட்டமாக உப்பும். மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் எடையை ஏற்றும். இவற்றில் எதையும் புகைப்படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஹாலிவுட்டின் கேத்லீன் டர்னர் 1980-களின் பெருங்கவர்ச்சி நாயகி. அவருக்கு முடக்குவாதம் வந்தது, மருந்தில் முகமும் உடலும் மாறின. குடித்துக் கெட்டுப்போனார் என்று உலகம் பேசியது. நோய் என்று சொன்னால் வாய்ப்பு தரமாட்டார்கள் என்று அவர் நீண்ட நாள் அந்தப் பேச்சை மறுக்கவும் இல்லை. ‘பிளாக் பேந்தர்’ நாயகன் சாட்விக் போஸ்மன் 2020 ஏப்ரலில் ஒரு காணொளியில் மிகவும் மெலிந்து காணப்பட்டார். கேலியும் ஊகமும் குவிந்தன. ஆகஸ்டில் அவர் இறந்தபோதுதான், 2016 முதலே பெருங்குடல் புற்றுநோயோடு போராடிக்கொண்டே நடித்தார் என்பது தெரிந்தது. 2022 அக்டோபரில் சமந்தா தமக்கு மயோசிடிஸ் என்னும் தசை அழற்சி நோய் இருப்பதாக அறிவித்தார். அறிவித்த பிறகும், 2023 ஜனவரியில், முகப்பொலிவு போய்விட்டது என்று எழுதினார்கள். மாதக்கணக்கில் சிகிச்சையும் மருந்தும் எடுத்துக்கொண்டிருப்பதை அவர் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது.

இதிலும் இரண்டு நாள்காட்டிகள் உண்டு. 1984 அக்டோபரில் முதல்வராயிருந்த எம்.ஜி.ஆர் நோயுற்றுப் பின் அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். அங்கே எடுத்த காட்சிகளை டிசம்பர் தேர்தலுக்கு முன் தமிழ்நாடு முழுதும் போட்டுக்காட்டினார்கள். மெலிந்து, தளர்ந்து, உணவு உண்ணும் அந்த உருவத்தைக் கண்டு மக்கள் கண்ணீர் விட்டார்கள், வாக்களித்து மீண்டும் முதல்வராக்கினார்கள். நோயுற்ற உடலைப் பார்க்கும் பார்வை அப்படியும் இருக்க முடியும். அது நம்மிடமே இருந்தது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் சாவித்திரி சுமார் 19 மாதம் நினைவிழந்து கிடந்து, 1981 டிசம்பர் 26 அன்று இறந்தார். ‘மாயா பஜார்’, ‘பாசமலர்’ என்று நம்மைச் சிரிக்கவும் அழவும் வைத்தவர். உடல் பருத்தபோது பேசியவர்கள், எலும்பாகிப் படுத்தபோதும் பேசினார்கள். அந்தக் கடைசிக் காலத்துப் படம் இன்றும் ‘பாடம்’ என்ற பெயரில் கைபேசிகளில் சுற்றுகிறது. குடி, காதல், கடன் என்று அறிவுரை சேர்த்து அனுப்புகிறார்கள். 2018-இல் அவர் வாழ்க்கை படமாக வந்து, அதில் நடித்த கீர்த்தி சுரேஷுக்குத் தேசிய விருது கிடைத்தபோது எல்லோரும் அழுதோம். உயிரோடு இருந்தவருக்குக் கிடைக்காத இரக்கம் அவர் வேடத்துக்குக் கிடைத்தது.

5. அவ்வையும் அம்மையும்

‘நம் மரபில் முதுமைக்கு மதிப்பு உண்டு, இதெல்லாம் மேற்கிலிருந்து வந்த நோய்’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பாதி சரி.

பிசிராந்தையாரிடம் ‘இத்தனை வயதாகியும் நரை இல்லையே, எப்படி’ என்று கேட்டார்கள். புறநானூற்றில் அவர் சொல்லும் விடை உங்களுக்குத் தெரியும். நல்ல மனைவி, நல்ல பிள்ளைகள், நல்ல பணியாளர், நேரிய அரசன், ஊரில் சான்றோர். ஒரு மனிதனின் தலைமுடியைப் பற்றிய கேள்வி அங்கே அவன் வாழ்ந்த ஊரைப் பற்றிய பேச்சாக வளர்கிறது. இன்று கேட்டால் எந்த டாக்டர், எந்தச் சாயம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆனால் பெண்கள்? நாம் போற்றும் முதிய பெண்கள் இருவர். அவ்வையார், திருமணத்திலிருந்து தப்ப இளமையைக் கழற்றிவிடும்படி விநாயகரை வேண்டிக்கொண்டதாகக் கதை. காரைக்கால் அம்மையார், கணவன் கைவிட்டபின் அழகைச் சுமந்த தசையை உதறிப் பேய் வடிவம் வேண்டிப் பெற்றதைப் பெரியபுராணம் பாடுகிறது. இருவரும் மாபெரும் கவிகள். இருவரும் அழகைத் துறந்த பின்னரே ஊர் அவர்களை நிம்மதியாக விட்டது என்பதையும் கவனியுங்கள்.

கே.பி. சுந்தராம்பாள் இந்த வழியைத் திரைக்குள் கொண்டுவந்தார். 1933-இல் கணவர் கிட்டப்பா இறந்தபின் வெள்ளுடை தரித்தார், ஆணோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். 1935-இல் ‘நந்தனார்’ படத்தில் ஆண்வேடமே ஏற்றார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் வாங்கினார், அன்றைய நிலையில் யாரும் நினைத்துப் பார்க்காத தொகை. 1953-இல் ‘ஔவையார்’. அவருடைய எடையைப் பற்றியோ சுருக்கத்தைப் பற்றியோ யாரும் தீர்ப்பு எழுதவில்லை. ஆசையின் கணக்கிலிருந்து அவர் தாமாகவே பெயரை நீக்கிக்கொண்டுவிட்டார்.

ஆக, முதிரும் பெண்ணுக்கு நாம் திறந்துவைத்திருக்கும் வாசல்கள் மூன்று. தாயாகலாம், துறவியாகலாம், காணாமல் போகலாம். நாற்பத்தைந்து வயதில் பளிச்சென்று சேலை உடுத்தி, உதட்டுச்சாயம் பூசி, காதல் காட்சியில் நடிக்க விரும்புபவருக்கு வாசல் இல்லை. அவரைத்தான் ‘இந்த வயசுல இதெல்லாம் தேவையா’ என்ற கேள்வி துரத்துகிறது. சுருக்கம் நம்மைத் தொந்தரவு செய்வதில்லை. சுருக்கம் விழுந்த பிறகும் ஒரு பெண் வாழ ஆசைப்படுவதுதான் தொந்தரவு செய்கிறது.

சில கதவுகள் மெல்லத் திறக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். 2015-இல் ‘36 வயதினிலே’ படத்தோடு ஜோதிகா திரும்பினார். 2017-இல் ‘ப. பாண்டி’யில் ராஜ்கிரணும் ரேவதியும் முதுமையில் மீண்டும் சந்திக்கும் காதலர்களாக வந்தார்கள். 2023-இல் ‘ஜெயிலர்’ படத்தில் ரஜினிகாந்த் தாத்தாவாகவே நடித்தார், மக்கள் கொண்டாடினார்கள். ஊர்வசி நடிக்கும்போது அவர் உடம்பு எவ்வளவு என்று யாருக்காவது தோன்றுகிறதா? அவர் முகத்தில் ஒரு கணத்துக்குள் நகைப்பும் துயரமும் மாறுவதைப் பார்க்கத்தான் நமக்கு நேரம் இருக்கிறது. நல்ல எழுத்தும் நல்ல வேடமும் கிடைத்தால் பார்வையாளரின் கண் தானாகவே திருந்தும்.

6. எதைக் கேட்கலாம்

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘அவர்கள் அழகை விற்றுத்தானே சம்பாதிக்கிறார்கள்? சோப்பும் முகப்பூச்சும் விற்கிறார்களே? காசு கொடுத்துப் பார்ப்பவனுக்குக் கேட்க உரிமை இல்லையா?’

உண்டு. விமர்சனம் கூடாது என்று நான் சொல்லவில்லை. விமர்சனம் இடம் மாறி விழுகிறது என்கிறேன். 56 வயது நாயகனுக்கு 24 வயது நாயகியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று இயக்குநரைக் கேளுங்கள். நாற்பது வயது நடிகைக்கு நீங்கள் ஏன் ஒரு முழு வேடம் எழுதவில்லை என்று கதாசிரியரைக் கேளுங்கள். சிவப்பழகு தருவதாகச் சொன்ன விளம்பரத்துக்காக அதில் நடித்தவரையும் கம்பெனியையும் கேளுங்கள். நடிப்பு சரியில்லை என்றால் எழுதுங்கள். இவை எல்லாம் அவர்கள் செய்தவை, அவர்கள் முடிவெடுத்தவை. வயது யாரும் எடுத்த முடிவன்று.

2025 நவம்பரில் சென்னையில் ஒரு படத்துக்கான பத்திரிகையாளர் சந்திப்பு நடந்தது. நாயகியைத் தூக்கினீர்களே, எவ்வளவு கனம் இருந்தார் என்று நாயகனிடம் முன்பு கேட்கப்பட்ட கேள்வி அங்கே விவாதமானது. அந்த நாயகி, ‘96’ படத்தில் இளம் ஜானுவாக நடித்த கௌரி கிஷன், என் எடைக்கும் படத்துக்கும் என்ன தொடர்பு என்று நேருக்கு நேர் கேட்டார். அரங்கில் குரல்கள் உயர்ந்தன. அவர் பின்வாங்கவில்லை. அடுத்த நாள்களில் திரைத்துறையினர் பலர் அவர் பக்கம் நின்றார்கள், கேள்வி கேட்டவரும் வருத்தம் தெரிவித்தார். இருபதுகளில் இருக்கும் பெண்ணையே இப்படிக் கேட்கும் சபை, அவருக்கு ஐம்பது வயதாகும்போது என்ன கேட்கும்?

ஒரு நடிகைக்கு நம் பேச்சு போய்ச் சேராமல் இருக்கலாம். தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து நாம் சொல்வது நம் வீட்டுக்குள்தான் விழுகிறது. அப்பா திரையைப் பார்த்து ‘இவ முத்திப் போயிட்டா’ என்கிறார். பக்கத்தில் அம்மா இருக்கிறார், அந்த நடிகையின் வயதுதான் அவருக்கும். தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் பதினான்கு வயது மகள் தலை நிமிராமல் கேட்டுக்கொள்கிறாள். தன் அம்மா எப்படிப் பார்க்கப்படுகிறார், தான் எப்போதுவரை விரும்பப்படுவாள் என்ற இரண்டையும் அவள் அந்த ஒரு வாக்கியத்தில் கற்றுக்கொள்கிறாள்.

எனவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். ஊடகத்துறைக்குப் போகவிருக்கும் மாணவர்களே, ‘அன்றும் இன்றும்’ என்ற தலைப்பில் முகங்களை அடுக்கும் வேலையை உங்கள் ஆசிரியர் கொடுத்தால் மறுத்துப் பாருங்கள். வேலையே போய்விடும் என்றால், அந்த நடிகை இந்த இருபது ஆண்டுகளில் என்ன செய்தார் என்று நான்கு வரியாவது சேர்த்து எழுதுங்கள். திரைக்கதை எழுத விரும்புபவர்களே, ஐம்பது வயதுப் பெண்ணை யாருக்கும் தாயாக்காமல் ஒரு கதையின் நடுவில் நிறுத்துங்கள். மற்ற எல்லோருக்கும் உரியது மூன்றாவது: வீட்டில் டிவி ஓடும்போது, திரையில் இருப்பவரின் எடையையும் வயதையும் பற்றி வாய்க்கு வரும் வாக்கியத்தை ஒருமுறை விழுங்கிவிடுங்கள். அவர்கள் நமக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது நடிப்பை. அதைப் பெற்றுக்கொண்டோம், கடன் தீர்ந்தது. அவர்களுடைய உடல் அவர்களுக்கே சொந்தம், முதுமை உட்பட.